வலி ஓரிடம், வேர் ஓரிடம்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் முதுகெலும்பும் நரம்பு வலியும். ஆயினும் ஒரு பள்ளிக்கூட மணியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் மின்சார மணியின் பொத்தான் என் அறையில் இருந்தது. மணியோ தாழ்வாரத்தின் மறுகோடியில். ஒரு மழைக்காலத்து முற்பகலில் அது தானாகவே அடிக்கத் தொடங்கிற்று. தலைமையாசிரியர்தாம் பள்ளியை விட்டுவிட்டார் என்று எண்ணிப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டனர். பொத்தானைக் கழற்றிப் பார்த்தோம்; பழுதில்லை. மணியிலும் பழுதில்லை. இடையே ஒரு வகுப்பறைக் கூரையின்மேல் அணில் கம்பியின் உறையைக் கொறித்திருந்தது. இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பொத்தானை அழுத்தினார்களா, நடுவழியில் கம்பி தொட்டுக்கொண்டதா என்று மணிக்கு எப்படித் தெரியும்?

நான் ஓய்வுபெற்ற பின்னர் ஒருநாள், கிணற்றடியில் நீர்க்குடத்தைக் குனிந்து தூக்கினேன். மறுநாள் காலையில் என் இடக்காலில், பிட்டத்திலிருந்து கணுக்கால் வரை, பழுக்கக் காய்ச்சிய கம்பியை இழுத்தாற்போல ஒரு வலி. இருமினால் அது இரட்டித்தது. வலி காலில், ஆகவே நோயும் காலில்தான் என்று முடிவு செய்து மூன்று வாரம் கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்த்தேன். மணியைத் துடைத்தால் கம்பி சரியாகுமா?

இறுதியில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அவர் காலைத் தொடுமுன் மேசைமேல் இருந்த முதுகெலும்பு மாதிரி ஒன்றை என் கையில் கொடுத்து, "ஐயா, வலி உங்கள் காலில் இருக்கிறது, அதன் வேர் இங்கே இருக்கிறது" என்று இடுப்புப் பகுதியைச் சுட்டிக்காட்டினார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். அதை அவர் என்னைவிட நன்றாகக் கற்றிருந்தார் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 ஆக 24 முள்ளெலும்புகள் தனித்தனியே அசைவன. அவற்றின் கீழ் உள்ளவை வளர்ந்தோரிடம் ஒன்றாக இணைந்துவிடுகின்றன. இந்த எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் அமைந்தது வட்டு. மருத்துவமனைகளில் டிஸ்க் என்பார்கள். வெளியே உறுதியான நார்வளையம் அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கும். உள்ளே இளநுங்கின் சதைபோல் நீர் செறிந்த பொருள் இருக்கும். வயதாக ஆக நார்வளையம் தளர்கிறது. ஒருநாள் அதில் விரிசல் கண்டு, உள்ளிருக்கும் நுங்கு வெளியே பிதுங்குகிறது. அங்கேதான் நரம்பு வேர்கள் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கின்றன. பிதுங்கிய பொருள் வேரை அழுத்துவதோடு, அதன் இரசாயனத் தன்மையால் அதை எரியவும் செய்கிறது.

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் புறப்படுகின்றன. அவற்றுள் கீழ்ப்பகுதியில் உள்ள சில ஒன்றுகூடி, உடலிலேயே மிகத் தடித்த நரம்பாகத் தொடையின் பின்புறம் இறங்குகின்றன. அந்நரம்பின் வழியே எழும் வலிக்குச் சயாட்டிகா என்று பெயர். பாதத்திலிருந்து வரும் நரம்பிழை எங்கே நசுங்கினாலும், மூளை அதனைப் பாதத்தின் ஓலமாகவே கேட்கிறது.

இவ்வளவு எளிய செய்தியை மருத்துவ உலகம் கண்டறிய நெடுங்காலம் ஆயிற்று. 1764-இல் நேப்பிள்ஸ் நகரத்து டொமெனிக்கோ கொட்டூன்யோ இவ்வலி மூட்டைச் சேர்ந்ததன்று, நரம்பைச் சேர்ந்தது என்று எழுதினார். நரம்பை வருத்துவது எது? அதற்குத் தெளிவான விடை 1934-இல்தான் கிடைத்தது. பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் இரு அறுவை மருத்துவர்கள், அதுவரை கட்டி என்று கருதி அகற்றப்பட்டவற்றுள் பல உண்மையில் பிதுங்கிய வட்டுகளே என்று காட்டினர். நம் நாட்டிலோ மூளை, நரம்பு அறுவைக்கென்று ஒரு துறை 1949-இல்தான் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியால் தோன்றிற்று. மறு ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார்.

என் கதைக்கு வருகிறேன். மருத்துவர் என்னைக் குதிகாலால் நடக்கச் சொன்னார். பிறகு விரல் நுனியால் நிற்கச் சொன்னார். காலின் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லித் தம் விரலால் எதிர்த்து அழுத்தினார். என் இடப் பெருவிரல் தோற்றது! "இடுப்பின் ஐந்தாம் நரம்பு" என்றார். அந்நரம்பு பெருவிரலை உயர்த்துவது. அதன் கீழுள்ள நரம்பு விரல் நுனியில் நிற்க உதவுவது. காலின் எந்தப் பக்கம் மரக்கிறது என்பதைக்கொண்டே எந்த வேர் என்று ஓரளவு கணிக்கலாமாம். ஆதலால் "கால் வலிக்கிறது" என்று சொன்னால் போதாது. எந்த வழியே ஓடுகிறது, எந்த விரலில் முடிகிறது என்று சொல்ல வேண்டும்.

ஸ்கேன் அறிக்கையை நானே வழியில் பிரித்துப் படித்து நடுங்கியதையும் மறைக்கமாட்டேன். மூன்று இடங்களில் பிதுக்கம் என்று எழுதியிருந்தது. மருத்துவர் நகைத்தார். 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம்பிடித்துப் பார்த்தபோது, எல்லா வட்டுகளும் குறையின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேரே என்று எடுத்துரைத்தார். படத்தில் காணும் பிதுக்கமெல்லாம் நோயன்று. வலியின் பாதையோடு பொருந்தும் பிதுக்கத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். என்னுடைய மூன்றில் இரண்டு நிரபராதிகள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வலியினால் மட்டும் அன்று. பல ஆண்டுகளுக்கு முன் உடற்பயிற்சி வகுப்பில் ஒரு பையன், காலில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டான். அவன் முழங்காலையும் கெண்டையையும் பார்த்தேன். வீக்கமில்லை, காயமில்லை. "காலில் ஒன்றுமில்லை, சாக்குச் சொல்லாதே" என்று வெயிலில் நிற்கவைத்தேன். காலில் ஒன்றுமில்லைதான், அவ்வளவில் நான் சொன்னது சரியே. அவனுக்கு முதுகில் கோளாறு என்பதைச் சில மாதங்கள் கழித்து அவன் தந்தை வந்து சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சயாட்டிகா கண்டவர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களில், அறுவையின்றியே தேறிவிடுகின்றனர். படுத்தே கிடக்காமல் இயன்றவரை நடமாடுவது நல்லது என்பதே இன்றைய மருத்துவர் கருத்து. ஆனால் பாதம் தொங்கிப்போனாலும், நாளுக்கு நாள் கால் வலுவிழந்தாலும் காத்திருத்தல் ஆகாது. சிறுநீரோ மலமோ கட்டுக்குள் இல்லாமற்போனாலும், சிறுநீர் கழிக்க இயலாமற்போனாலும், இரு தொடைகளுக்கும் இடைப்பட்ட பகுதி மரத்துப்போனாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இதை மட்டும் தவறாது சொல்லுங்கள்.

எனக்கு வலி தீரப் பத்து வாரம் ஆயிற்று. பெருவிரலின்மேல் ஒரு நாணய அளவு இன்னும் மரத்தே இருக்கிறது. செருப்பணியும்போது அது நினைவூட்டும். அந்தப் பையனின் முகமும் கூடவே வரும்.