காற்றைக் கட்டிக்கொண்டு முங்கும் பூச்சிகள்

பால் பிடிக்கும் நெல்மணியைக் குத்தி உறிஞ்சும் கதிர்நாவாய்ப்பூச்சியை உழவர்கள் அறிவார்கள். மூட்டைப்பூச்சியை அறியாதவர் யார்? இந்த உறவுமுறையில் ஒரு கிளை குளத்துக்குக் குடிபோனது. ஊசி அலகு அங்கேயும் அப்படியேதான். கொசுப்புழுவோ தலைப்பிரட்டையோ, குத்தி, செரிக்கவைக்கும் எச்சிலைச் செலுத்தி, உள்ளே கரைந்ததை உறிஞ்சிவிடும். வளர்ந்த பூச்சிக்குச் செவுள் கிடையாது. தண்ணீரிலேயே வாழ்ந்தாலும் மூச்சுக்குக் காற்றுதான் வேண்டும்.

நீர்த்தேள் எளிய வழியைப் பிடித்துக்கொண்டது. அதன் வாலைக் கொடுக்கென்று அஞ்ச வேண்டாம், அது மூச்சுக்குழல். நுனியை நீர்மட்டத்தில் நீட்டிவிட்டு இரைக்காகக் காத்திருக்கும்.

மல்லாந்து நீந்தும் நோட்டோநெக்டாவின் உத்தி நுட்பமானது. வயிற்று மயிர்களுக்கிடையே காற்றைப் பிடித்துக்கொண்டு முங்கும். அது வெறும் சேமிப்பு என்றால், தூய ஆக்சிஜனோடு முங்கும் பூச்சி இன்னும் நெடுநேரம் தாங்க வேண்டுமல்லவா? டென்மார்க்கின் ஈகே 1915-இல் வெளியிட்ட சோதனையில் நேர்மாறாக நடந்தது. சாதாரணக் காற்றோடு ஏறத்தாழ 6 மணி நேரம் தாங்கிய பூச்சி, ஆக்சிஜன் நிறைந்த நீரில் ஆக்சிஜன் குமிழோடு சுமார் 35 நிமிடமே தாங்கியது!

சூட்சுமம் நைட்ரஜனில் இருக்கிறது. பூச்சி சுவாசிக்கச் சுவாசிக்கக் குமிழில் ஆக்சிஜனின் பங்கு குறையும். அந்தக் குறையை நிரப்ப நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் உள்ளே வரும். அதுவரை குமிழைச் சுருங்கவிடாமல் தாங்கி நிற்பது நைட்ரஜன். தூய ஆக்சிஜன் குமிழில் பங்கு குறைவதே இல்லை. வெளியிலிருந்து வருவதும் இல்லை. இருப்பைத் தின்று தீர்ப்பதுதான் மிச்சம். நைட்ரஜனும் மெல்ல நீரில் கரைவதால் நோட்டோநெக்டா மேலே வந்தே ஆக வேண்டும். ஐரோப்பிய ஆற்றடியில் வாழும் அஃபெலோகைரஸுக்கு அந்தக் கவலையும் இல்லை. சதுர மில்லிமீட்டருக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்மயிர்கள் அதன் காற்றுப்படலத்தைக் குலையாமல் காக்கின்றன.

முட்டைக்கும் மூச்சு வேண்டுமே. நம் குளங்களில் கொசுப்புழு தின்று வாழும் டிப்ளோநைகஸில் பெண், ஆணின் முதுகிலேயே முட்டைகளை ஒட்டிவிடுகிறது. இதன் அமெரிக்க உறவுகளில் சுமப்பது பெண்தான் என்றே நெடுநாள் நம்பினார்கள். உண்மையில் அது ஆண் என்று 1899-இல் காட்டியவர் ஃபுளோரன்ஸ் ஸ்லேட்டர். ஆண் வேண்டாவெறுப்பாகச் சுமப்பதாகவே அவருக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முட்டைகளை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து காற்றுப்பட வைப்பதும், நீருக்குள் உடலை ஏற்றி இறக்கிப் புதுநீர் பாயச் செய்வதும் அந்த ஆணின் வேலை. முதுகிலிருந்து பிரித்து நீரடியில் போட்டுவிட்டால் அந்த முட்டைகள் பெரும்பாலும் பொரிப்பதில்லை.