தாமதமாய் வந்தோர்க்கும் ஒரு முழுக்கு

ஐப்பசி மாதத்தின் கடைசி வாரத்தில் மயிலாடுதுறைத் தெருக்களில் வெளியூர் முகங்கள் பெருகிவிடும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கப்படும், திண்ணைகள் கழுவப்படும். வாசலில் இட்ட கோலத்தை மழை கலைத்துவிட, தூறல் நின்றதும் மீண்டும் கோலம் இடப்படும். பிழைப்பின் பொருட்டுச் சென்னைக்கும் மும்பைக்கும் கடல் கடந்தும் சென்றவர்கள் பேரன் பேத்திகளுடன் வந்து இறங்குவர். தீபாவளிக்கு வர இயலாதவர்கள்கூடக் கடைமுகத்துக்கு எப்படியேனும் வந்து சேர முயல்வது இவ்வூரின் வழக்கம்.

சூரியன் துலா ராசியில் சஞ்சரிக்கும் ஐப்பசியில், கங்கை முதலான புண்ணிய நதிகள் யாவும், மக்கள் தம்மிடம் விட்டுச்சென்ற பாவங்களைப் போக்கிக்கொள்ளக் காவிரியை நாடி வருகின்றன என்பது ஐதீகம். அம்பிகை மயில் உருவில் ஈசனைப் பூசித்துத் தன் உருவை மீண்டும் பெற்ற தலம் இது. சம்பந்தரும் அப்பரும் பாடிய பதி. ‘ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா?’ என்னும் பழமொழி இன்றும் காவிரிக்கரைப் பெரியோர் நாவில் வழங்கி வருகிறது. ஆற்றின் நடுவே நந்தியெம்பெருமான் வீற்றிருக்கும் துலாக்கட்டத்தில் மாதம் முழுவதும் நீராடல் நடைபெறும். நிறைவுப் பத்து நாட்களில் மாயூரநாதருக்கும் அபயாம்பிகைக்கும் உற்சவம். திருக்கல்யாணம், தேர் எனத் திருவீதிகள் களைகட்டும். ஐப்பசியின் இறுதி நாளே கடைமுகம். ஆங்கில நாட்காட்டியில் அது நவம்பர் 15 அல்லது 16ஆம் தேதியாக அமையும்.

அத்தகைய ஓர் ஐப்பசியில், எழுபத்தாறு வயது நிரம்பிய மூதாட்டி ஒருவரின் வீட்டில் அடுப்பு அணையவே இல்லை. மகன்கள் இருவரும் குடும்பத்துடன் வந்திருந்தனர். விடியலில் காவிரி, பிறகு கோயில், பகலில் உறவினர் வருகை, மாலையில் மீண்டும் சுவாமி புறப்பாடு. இடைப்பட்ட நேரத்தில் அவர் வீடு வீடாகச் சென்று வந்தார். மணமாகிப் பிற ஊர் சென்றிருந்த பள்ளித் தோழி ஒருவர் பார்வை மங்கிய நிலையில் திரும்பியிருந்தார். வாசலில் கேட்ட குரலை வைத்தே அடையாளம் கண்டு கைகளைப் பற்றிக்கொண்டார். மற்றொரு வீட்டில் சிற்றப்பா மகளின் பேத்திக்கு வரன் பார்க்கும் பேச்சு. இன்னொரு வீட்டில் சென்ற ஆண்டு காலமான பெரியவரின் படத்துக்கு முன் சிறிது நேர மௌனம். ஏழு நாட்களில் பதினான்கு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் காபி, ஒவ்வொரு வீட்டிலும் பழங்கதை.

ஆனால் அவர் மனம் ஒருவருக்காகவே காத்திருந்தது. உடன்பிறந்த தம்பி பதினொரு ஆண்டுகளாக ஊருக்கு வரவில்லை. தந்தையார் மறைந்தபின் இந்த வீட்டைப் பங்கிடும் பேச்சில் எழுந்த கடுஞ்சொல் ஒன்று இருவரையும் பிரித்துவிட்டது. சொன்னவர் தமக்கைதான். அதை அவர் மறக்கவும் இல்லை. தம்மை மன்னித்துக்கொள்ளவும் இல்லை. இம்முறை மாதப் பிறப்பன்று தாமே தொலைபேசியில் அழைத்து, “கடைமுகத்துக்கு வந்துவிடு, தம்பி” என்றார். மறுமுனையில் விடை ஏதும் இல்லை.

கடைமுகத்தன்று இரு கரைகளிலும் மக்கள் வெள்ளம். மாயூரநாதர் அம்பிகையுடன் தென்கரையில் எழுந்தருள, வடகரையில் வள்ளலார் கோயில் மூர்த்திகள் எழுந்தருளினர். அஸ்திரதேவருக்கு அபிஷேகம் நிறைவுற்றுத் தீர்த்தவாரி நிகழ்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஒருசேர மூழ்கினர். அம்மூதாட்டி மட்டும் படிக்கட்டில் அமர்ந்திருந்தார். நினைவு தெரிந்த நாள் முதல் ஒரு கடைமுகத்தையும் தவறவிடாதவர் அவர். “பாட்டி, இறங்கலாமா?” என்று பேரன் இருமுறை கேட்டான். சிறுவயதில் தம்பியின் கையைப் பிடித்து இறங்கிய படிகள் அவை. அவனின்றி இன்று இறங்க மனம் ஒப்பவில்லை. பொழுது சாய்ந்தது, கூட்டம் கலைந்தது. நனையாத புடவையுடன் அவர் வீடு திரும்பினார்.

இரவு ஒன்பது மணிக்கு வாயிற்கதவு தட்டப்பட்டது. வழியில் பெய்த பெருமழையில் பேருந்து பல மணி நேரம் தாமதமாகியிருந்தது. முழங்கால் வலியுடன் சுவரைப் பற்றியவாறு, நனைந்த உடையில் தம்பி நின்றார். எழுபது வயதைக் கடந்த முகம்.

“அக்கா, கடைமுகம் முடிந்துவிட்டதே!” என்பதே அவர் சொன்ன முதல் வார்த்தை.

“அதனால் என்ன? விடிந்தால் முடவன் முழுக்கு. உள்ளே வா” என்றார் தமக்கை.

கால் ஊனமுற்ற அடியவர் ஒருவர் ஐப்பசி நீராடலை விரும்பி நெடுந்தொலைவிலிருந்து புறப்பட்டார். தவழ்ந்தும் தளர்ந்தும் அவர் வந்து சேர்ந்தபோது கார்த்திகை முதல் நாள் பிறந்துவிட்டது. காவிரிக் கரையில் நின்று அவர் கலங்க, “இன்று நீராடினாலும் அதே பலன் உண்டு” என்று மாயூரநாதர் அருளினார் என்பது தலவரலாறு. அந்நாளே முடவன் முழுக்கு.

நாதசர்மா, அனவித்யாம்பிகை தம்பதியர் கதையும் இத்தகையதே. அவர்கள் கடைமுகத்தன்று ஊர் சேர்ந்தபோது பொழுது போயிருந்தது. மறுநாள் சூரிய உதயத்துக்கு முன் நீராடினால் ஐப்பசி நீராடிய பேறு கிட்டும் என்று ஈசன் அவர்களுக்கு உணர்த்தினார். அனவித்யாம்பிகை இறைவனுடன் ஐக்கியமான லிங்கத் திருமேனிக்குப் புடவை சாத்தி வழிபடுவதை அபயாம்பிகை சந்நிதி அருகே இன்றும் தரிசிக்கலாம்.

வடகரையில் திருஇந்தளூர்ப் பரிமள ரங்கநாதரைச் சேவிக்கத் திருமங்கையாழ்வார் வந்தபோதும் நடை சாத்தப்பட்டிருந்ததாம். அவர் திரும்பிச் செல்லாமல், வாயிலில் நின்றே பெருமாளிடம் ஊடி, உரிமையோடு கோபித்துப் பாடினார் என்று பெரியோர் கூறுவர். கோபித்துக்கொண்டவரின் பாசுரங்களையும் பெருமாள் ஏற்றருளினார்.

மறுநாள் இருள் பிரியும் முன்பே அக்காவும் தம்பியும் துலாக்கட்டத்தை அடைந்தனர். முந்தைய நாளின் நெரிசல் இல்லை. நீரில் அகல் விளக்குகள் சில மிதந்து சென்றன. அவருக்கு முழங்கால் வலி, இவருக்குக் கைத்தடி. ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு படிப்படியாக இறங்கினர். சில்லென்ற நீர் மார்பைத் தொட்டபோது, “அன்று நான் சொன்னது தவறு, தம்பி” என்றார் தமக்கை. தம்பி மறுமொழி கூறவில்லை. இரு கைகளாலும் காவிரியை அள்ளி, முதலில் அக்காவின் தலையில் விட்டார். பிறகே தாம் மூழ்கினார்.

வீட்டைப் பற்றிய பேச்சு அன்று எழவில்லை. மாயூரநாதரைத் தரிசித்து, அபயாம்பிகை சந்நிதியில் குங்குமம் பெற்று, இருவரும் ஒரே இலைக்கட்டைப் பிரித்து அருகருகே அமர்ந்து உணவருந்தினர். மாலையில் பேருந்து ஏறும்போது, “அடுத்த ஐப்பசியில் முதல் நாளே வந்துவிடுகிறேன், அக்கா” என்றார் தம்பி.

“முடிந்த அன்று வா. நான் இருக்கிறேன்” என்று கூறி, பிரசாதப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தார் தமக்கை.