மூலக்கொத்தளம்: மைசூரின் நிழலில் ஒரு பட்டணம்

மூலக்கொத்தளம் வடசென்னையில் ராயபுரத்தை ஒட்டிய பகுதி. மொழிப்போர்த் தியாகிகள் நடராசன், தாளமுத்து ஆகியோரின் நினைவிடம் அமைந்த மயானத்தால் இன்று பலரும் இதனை அறிவர். கொத்தளம் என்பது மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும், பீரங்கி வைப்பதற்கான அமைப்பு. புனித ஜார்ஜ் கோட்டையோ இங்கிருந்து தெற்கே தள்ளி இருக்கிறது. கோட்டை இல்லாத இடத்தில் கொத்தளம் எப்படி வந்தது? 18ஆம் நூற்றாண்டில் வலிமைமிக்க அண்டை நாடான மைசூரைக் கண்டு சென்னைப் பட்டணம் அஞ்சி வாழ்ந்ததே அதற்குக் காரணம்.

அக்காலத்தில் இப்பகுதி பெயரளவில் ஆற்காட்டு நவாப் முகமது அலியின் ஆட்சியில் இருந்தது. படைபலம் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. மேற்கே ஹைதர் அலியின் மைசூர் வேகமான குதிரைப்படையுடன் வளர்ந்து வந்தது. 1767இல் அவர் மகன் திப்பு, பதின்வயதிலேயே, பட்டணத்தின் புறப்பகுதி வரை வந்து சூறையாடிச் சென்றார். 1769இல் ஹைதரே சுமார் 6,000 குதிரைவீரர்களுடன் பரங்கிமலை அருகே வந்து நின்றார். கம்பெனியின் முக்கியப் படை எங்கோ தொலைவில் இருந்தது. பேச்சுவார்த்தையைத் தவிர வேறு வழியில்லை. பிடித்த இடங்களைத் திருப்பித் தருவது, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது என்று அவ்வாண்டு ஏப்ரலில் உடன்படிக்கை ஆயிற்று.

கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயருக்கு மதில் இருந்தது. வெளியே கறுப்பர் நகரத்தில் (பிற்கால ஜார்ஜ் டவுன்) வாழ்ந்த வணிகர், நெசவாளர், கூலியாட்களுக்கு என்ன இருந்தது? 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை கொள்ளையடித்தது அவர்கள் வீடுகளைத்தான். அதன் பிறகே இந்நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பும் பணி மும்முரமாயிற்று. கிழக்கே கடல், தெற்கே கோட்டை. ஆகவே வடக்கிலும் மேற்கிலும் மதில். 1770களின் தொடக்கத்தில் அதை முடித்த ஒப்பந்ததாரர் பால் பென்ஃபீல்டு, பின்னர் நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். மதிலுக்கான செலவை நகரவாசிகளிடம் வரியாக வாங்கத் திட்டமிட்டனர். வரி வசூலாகவில்லை, வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் நிலைத்தது. மேற்கு வாயில்களில் ஒன்று யானைகவுனி. இரு மதில்களும் கூடும் வடமேற்கு மூலைப் பக்கத்தில் இருப்பதுதான் மூலக்கொத்தளம்.

ஆனால் மைசூருக்கும் ஓர் அண்டை நாட்டு அச்சம் இருந்தது என்பதைப் பாடநூல்கள் அவ்வளவாக அழுத்திச் சொல்வதில்லை. வடக்கே மராத்தியர் அதைவிட வலியவர். 1770-71இல் அவர்கள் மைசூர்மீது படையெடுத்தபோது ஹைதர் உடன்படிக்கையைக் காட்டி உதவி கேட்டார். கம்பெனி அசையவில்லை. இந்த வஞ்சம் ஹைதர் மனத்தில் தங்கியது. 1779இல் மாஹேயைக் கம்பெனி கைப்பற்றியதும் கோபம் முற்றியது.

1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையுடன் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. எதிரிக்குத் தானியம் கிடைக்கக்கூடாது என்று சுற்றுப்புற ஊர்கள் எரிக்கப்பட்டன. கிராமத்து மக்கள் பட்டணத்துக்குள் வந்து குவிந்தனர். மதில் குதிரைப்படையைத் தடுக்கும், பசியைத் தடுக்குமா? விளைநிலம் எல்லாம் மதிலுக்கு வெளியேதான் இருந்தது. கடல்வழி அரிசிக்கும் பிரெஞ்சுக் கப்பற்படையால் ஆபத்து. 1782 அக்டோபர்ப் புயலில் அரிசிக் கலங்கள் பலவும் உடைந்தன. தெருக்களில் மக்கள் மடிந்தனர்.

அந்தப் பஞ்சத்தில்தான் ராயபுரம் பக்கத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் இடம் ஏற்பட்டது. அது மணியக்காரர் சத்திரம் என்று பெயர் பெற்றது. 1799இல் மருத்துவர் ஜான் அண்டர்வுட் ஏழைகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை பின்னர் அச்சத்திரத்துடன் இணைந்தது. இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் வேர் இதுவே. வடசென்னைப் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வதன் காரணமும் இதுதான்.

அதே 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டார். அண்டை நாட்டு அச்சம் நீங்கியதும் மதிலுக்கு வேலையில்லாமல் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் அது சிறிது சிறிதாக இடிக்கப்பட்டது. பழைய ஜெயில் சாலைப் பக்கம் எஞ்சிய ஒரு துண்டின்மேல் அமைந்த பூங்காவை ராயபுரத்தார் மாடிப் பூங்கா என்கின்றனர்.