கால்மிதி ஈரமா? கண்ணாடியில் பிசுக்கா? பழைய கார் வைத்திருப்பவர்களே உஷார்!

டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் 'ஹீட்டர் கோர்' கசிவு; கண்டுபிடிப்பது எப்படி? சரி செய்வது எப்படி?

காஞ்சீபுரம்,

முகூர்த்த நாள் வந்தால் காஞ்சீபுரம் காந்தி ரோட்டில் கார்கள் ஊர்ந்துதான் போகும். பட்டுப்புடவை எடுக்க வருபவர்கள் ஒரு பக்கம், காமாட்சி அம்மன் கோவிலுக்கும், ஏகாம்பரநாதர் கோவிலுக்கும் வருபவர்கள் இன்னொரு பக்கம். ஒரு கிலோமீட்டர் போக அரை மணி நேரம் ஆனாலும் ஆச்சரியம் இல்லை.

இப்படி ஊர்ந்து போகும்போதுதான் பழைய காரின் சாயம் வெளுக்கும். வெப்ப முள் மேலே ஏறும். பானெட்டில் இருந்து புகை வரும். கார் நடுரோட்டில் படுத்துவிடும்.

ரேடியேட்டரை பார்த்தால் ஓட்டை இல்லை. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. அப்படியானால் அது எங்கே போகிறது?

பல நேரங்களில் அது காருக்கு உள்ளேயேதான் கொட்டுகிறது!

சின்ன ரேடியேட்டர்

காரின் டேஷ்போர்டுக்கு பின்னால், ஒரு நோட்டுப் புத்தகம் அளவில் சின்ன ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது. இதுதான் 'ஹீட்டர் கோர்'. இன்ஜினில் சூடான கூலன்ட் ஒரு ஹோஸ் பைப் வழியாக இதற்குள் வந்து, இன்னொரு ஹோஸ் வழியாக திரும்பிப் போகும். ஹீட்டரை போட்டால் மின்விசிறி இதன் மேல் காற்றை அடித்து, வெப்பத்தை காருக்குள் அனுப்பும்.

நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டரை யார் போடப் போகிறார்கள்? ஊட்டி, கொடைக்கானல் போனால்தான் அந்த நினைப்பே வரும். ஆனால் பல கார்களில் ஹீட்டரை போட்டாலும், போடாவிட்டாலும் கூலன்ட் இதன் வழியாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். அடிப்படை மாடல் பழைய கார்கள் சிலவற்றில் மட்டும் ஹீட்டரே இருக்காது.

ஏன் ஓட்டை விழுகிறது?

முக்கிய காரணம் தண்ணீர்தான். கூலன்ட் விலையை பார்த்துவிட்டு போர் தண்ணீரையும், குழாய் தண்ணீரையும் ஊற்றி ஓட்டுபவர்கள் நிறைய பேர். அந்த தண்ணீரில் உள்ள உப்பு, வீட்டு பாத்திரத்தில் படிவதுபோல கோரின் மெல்லிய குழாய்களில் படியும். உலோகத்தை கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும்.

கூலன்டில் துருவை தடுக்கும் மருந்து கலந்திருக்கிறது. ஆனால் வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அதன் சக்தியும் போய்விடும். பழைய காரை முன்பு வைத்திருந்தவர் என்ன ஊற்றினார் என்பது வாங்கியவருக்கு தெரியாது. வினை அங்கேதான் தொடங்குகிறது.

5 அடையாளங்கள்

1. முன் சீட்டில், டிரைவருக்கு பக்கத்தில் உட்காருபவரின் கால்மிதிக்கு கீழே ஈரம். சில கார்களில் டிரைவர் காலடியிலும் இருக்கும்.

2. கதவை திறந்ததும் பாகு மாதிரி ஒரு இனிப்பு வாசனை.

3. முன் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்தது போன்ற மங்கல். துணியால் துடைத்தால் எண்ணெய் பிசுக்கு மாதிரி இழுபடும்.

4. இன்ஜின் நன்றாக சூடான பிறகும் ஹீட்டரில் வெப்பக்காற்று வராதது. கூலன்ட் குறைந்திருந்தாலும், கோர் அடைத்திருந்தாலும் இப்படி ஆகும்.

5. வெளியே கசிவே தெரியாமல் கூலன்ட் டப்பாவில் அளவு குறைவது.

ஏ.சி. தண்ணீரா? கூலன்டா?

கால்மிதி ஈரமானால் உடனே பதற வேண்டாம். ஏ.சி.யில் சேரும் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டாலும் அந்த தண்ணீர் காருக்குள்தான் கொட்டும். குழாயின் அடைப்பை எடுத்தால் போதும், சின்ன வேலை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வெள்ளைத்தாள் போதும். ஈரத்தின் மேல் தாளை அழுத்துங்கள். நிறமும், வாசனையும் இல்லாமல் பச்சைத் தண்ணீராக இருந்தால் ஏ.சி. தண்ணீர். பச்சை, சிவப்பு என்று நிறத்தோடு பிசுபிசுப்பாக இருந்தால் கூலன்ட். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் காராக இருந்தால் துரு நிறம் தெரியும். எதுவாக இருந்தாலும் வாயில் வைத்து ருசி பார்க்கவே கூடாது. அது விஷம்.

கூலன்ட் குறைய ஹெட் கேஸ்கட் போவதும் ஒரு காரணம். சைலன்சரில் ஓயாமல் வெள்ளைப்புகை வந்தாலோ, ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி படிந்திருந்தாலோ அது வேறு நோய். அதையும் பார்த்த பிறகே டேஷ்போர்டில் கை வைக்க வேண்டும்.

உறுதி செய்ய மெக்கானிக்குகளிடம் ஒரு கைப்பம்பு உண்டு. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் வாயில் அதை மாட்டி, ரேடியேட்டர் மூடியில் குறிப்பிட்டுள்ள அளவுக்கு மட்டும் காற்று ஏற்றுவார்கள். முள் இறங்காமல் நின்றால் கசிவு இல்லை. முள் இறங்கி, கால்மிதி பக்கம் ஈரம் கூடினால் குற்றவாளி ஹீட்டர் கோர்தான்.

அவசர வைத்தியம்

கையில் காசு இல்லை, நாளைக்கு சவாரி இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. இன்ஜின் பக்கம் ஹீட்டருக்கு போகும் ஹோஸ், அங்கிருந்து வரும் ஹோஸ் இரண்டையும் கழற்றி ஒன்றோடு ஒன்று இணைத்து கிளாம்ப் போட்டுவிடலாம். இதை 'பைபாஸ்' என்கிறார்கள். கூலன்ட் கோருக்குள் போகாமல் திரும்பிவிடும். செலவும் மிகக்குறைவு.

ஆனால் இரண்டு ஹோசையும் தனித்தனியாக அடைத்துவிடக்கூடாது. சில இன்ஜின்களில் அந்த வழியாக ஓட்டம் இருந்தால்தான் தெர்மோஸ்டாட் சரியாக வேலை செய்யும். பைபாஸ் போட்ட காரில் ஹீட்டர் வராது. மழையில் கண்ணாடி மங்கினால் ஏ.சி.யை போட்டு சமாளிக்கலாம்.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கொட்டுவதும், கடையில் விற்கும் கசிவு அடைப்பான் பவுடரை போடுவதும் ஊர் போய்ச்சேர உதவலாம். ஆனால் ஓட்டையை அடைக்கும் பொருள் நல்ல குழாயையும் அடைக்கும். அப்புறம் ரேடியேட்டருக்கும் சேர்த்து செலவு.

நிரந்தர தீர்வு

பழைய பித்தளை கோராக இருந்தால் ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்து பற்ற வைக்கலாம். அலுமினியம் என்றால் புதிதாக மாற்றுவதே நல்லது.

இந்த வேலையில் பாகத்தின் விலையை விட கூலிதான் பயமுறுத்தும். பல கார்களில் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். ஒரு நாள் முழுக்க ஆகலாம். ஏர்பேக் உள்ள காரில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு சிறிது நேரம் பொறுத்த பிறகே தொட வேண்டும். சில கார்களில் ஏ.சி. கேஸையும் எடுத்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்வது நல்லது.

டேஷ்போர்டை பிரித்த கையோடு ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றையும் புதிதாக போட்டுவிட வேண்டும். ரேடியேட்டரை கழுவி, கம்பெனி சொன்ன கூலன்டை சுத்திகரித்த தண்ணீரோடு கலந்து ஊற்ற வேண்டும். பாதிக்கு பாதி என்பது பொதுவான கணக்கு. கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் தண்ணீர் சேர்க்கக்கூடாது. கடைசியாக உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் புது கோர் போட்டும் கார் சூடாகும்.

உயிருக்கு ஆபத்து

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியை தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியை திறந்த நொடியில் அது முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

இன்னொன்று, பழைய கூலன்டை தெருவிலோ, கால்வாயிலோ ஊற்றாதீர்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். தெருநாயும், மாடும் நக்கிக் குடித்துவிடும். சிறுநீரகம் கெட்டு செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான். மூடி போட்ட கேனில் பிடித்து ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

வாங்கும் முன்பே பாருங்கள்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கால்மிதியை தூக்கி கார்ப்பெட்டை கையால் அழுத்திப் பாருங்கள். 10 நிமிடம் ஓட்டிவிட்டு ஹீட்டரை முழுசாக திருகுங்கள். வெப்பக்காற்று வர வேண்டும். பானெட்டை திறந்து, ஹீட்டர் ஹோஸ் இரண்டும் ஒன்றோடு ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இணைத்திருந்தால் உள்ளே கோர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அதற்காக காரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. டேஷ்போர்டை கழற்றி மாட்டும் செலவை மெக்கானிக்கிடம் கேட்டு, அதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். தறியில் உட்கார்ந்து சேர்த்த காசு, கால்மிதி வழியாக கரைந்து போகக்கூடாது அல்லவா!