வில்லங்கச் சான்று சொல்லாத வில்லங்கம்

சொந்த வீடு தேடிய ஒரு தலித் குடும்பம் அண்மையில் இரண்டு வீடுகளின் ஆவணங்களுடன் என்னிடம் வந்தது. ஒன்று ராஜபாளையம் நகருக்குள் சிறியது; மற்றொன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே பெரியது, விலையும் குறைவு. பின்னதை விற்பவர் தலித் அல்லாதவர். வில்லங்கச் சான்றில் குறையேதும் இல்லை.

ஆயினும், வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களையே காட்டும்; அரசு எந்த நிபந்தனையுடன் அந்நிலத்தை முதலில் ஒப்படைத்தது என்பதைக் காட்டாது. செங்கற்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு பிறப்பித்த ஆணையில் பிறந்தவை பஞ்சமி நிலங்கள். முதல் 10 ஆண்டுகள் அவற்றை விற்கக் கூடாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். மீறினால் அரசு இழப்பீடின்றி மீட்கலாம்.

வாங்குபவர் தலித் என்பதால் மட்டும் இக்குறை நீங்காது. தலித் அல்லாதவர் பெற்ற கிரயமே செல்லாதெனில், விற்க அவருக்கு ஏது உரிமை? நம் முன்னோருக்கு ஒப்படைத்த நிலத்தை நாமே விலை கொடுத்து வாங்கி, அதையும் இழப்போம்.

எனவே கணினிப் பட்டாவோடு நின்றுவிடாமல், வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அ' பதிவேட்டையும் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள், குறிப்புகளில் 'டி.சி.' என்றோ நிபந்தனை ஒப்படை என்றோ உள்ளதா எனக் கவனியுங்கள். மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. ராஜபாளையத்து வீட்டிற்கும் இதே சோதனை வேண்டும். நகல்கள் கைக்கு வரும்வரை எவருக்கும் முன்பணம் தர வேண்டாம் என்று அக்குடும்பத்திடம் கூறியுள்ளேன்.