சிறு விமானங்களில் எரிபொருள் உட்செலுத்தி

உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவர்கள் இடைக்கிடை என்னிடம் கலைச்சொல் கேட்டு வருவார்கள். 'இன்ஜெக்டர்' என்றால் 'உட்செலுத்தி' என்று சொல்லிவிடலாம். ஆனால் சொல்லைக் கொடுத்தவுடன் பொருள் விளங்கிவிடுவதில்லை. நமது பாடநூல்கள் பிஸ்டனை 'முசலம்' என்கின்றன. முசலம் என்றால் உலக்கை. உரலுக்குள் உலக்கை ஏறி இறங்குவதை நினைத்தால், இஞ்சின் உருளைக்குள் முசலம் செய்யும் வேலை கண்ணுக்குள் வந்துவிடும். உட்செலுத்திக்கு அந்த வசதி இல்லை. அதிலும் சிறு விமானத்தின் உட்செலுத்தி, காரில் இருப்பதைப் போன்றதல்ல.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குக் காபரேட்டரைத் தெரியும். "காபரேட்டர் கழுவணும்" எண்டு பாஸ்மார் சொல்லிக் கேட்காதவர் யார்? ஒடுங்கிய வழியால் வளி விரைந்து செல்லும்போது அங்கே அமுக்கம் குறைகிறது. பெற்றோல் உறிஞ்சப்பட்டு ஆவியாகிறது. ஆவியாகும் எதுவும் சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். இதனால் காபரேட்டருக்குள் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் வரைக்கும் வீழலாம். வளியிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகப் படிந்து வழியை அடைத்துவிடும். வெளியே வெயில் காயும் நாளிலும் இது நடக்கலாம். சைக்கிள் நின்றால் ஓரங்கட்டலாம். வானத்தில் ஓரம் ஏது?

உட்செலுத்தி இந்த ஆபத்தை நீக்குகிறது. 1956 முதல் காபரேட்டருடன் வந்த செஸ்னா 172 விமானம், பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 1996இல் மீண்டும் தயாரிக்கப்பட்டபோது லைக்கொமிங் ஐஓ-360 இஞ்சினுடன் வந்தது. அந்த 'ஐ' உட்செலுத்தலையே குறிக்கிறது.

வேலை நடக்கும் முறை இது: இஞ்சினால் இயங்கும் பம்பி எரிபொருளைத் தள்ளுகிறது. அடுத்துள்ள கட்டுப்பாட்டுப் பகுதி, உள்ளே செல்லும் வளியின் அளவை மென்தகடுகளின் அசைவால் உணர்ந்து, அதற்கேற்ற எரிபொருளை விடுகிறது. இஞ்சினின் மேலிருக்கும் பங்கீட்டுப் பெட்டி அதை மெல்லிய குழாய்களால் ஒவ்வோர் உருளைக்கும் பிரித்தனுப்புகிறது. குழாயின் முனையில்தான் உட்செலுத்தி இருக்கிறது. அதன் துளை ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர். பக்கத்திலுள்ள நுண்துளைகளால் வளி புகுந்து எரிபொருளோடு கலக்க, உள்வாங்கும் வால்வின் வாசலில் அது தூவலாக விழுகிறது.

காரின் உட்செலுத்தி மின்சாரத்தால் திறந்து மூடும். இங்கே அப்படித் திறப்பதுமில்லை, மூடுவதுமில்லை. எரிபொருள் ஓயாமல் தூவப்படும். வால்வு மூடியிருக்கும் கணத்தில் வந்தது வாசலில் காத்திருந்து, திறந்ததும் உள்ளே போகும். பழைய முறைபோலத் தோன்றினாலும் இதில் ஒரு நன்மை உண்டு. பற்றரி செத்துப்போனாலும் இந்த ஒழுங்கு நிற்காது.

குறையும் உண்டு. சூடான இஞ்சினை நிறுத்தியதும் மேலுள்ள மெல்லிய குழாய்களில் எரிபொருள் கொதித்து ஆவியாகிவிடும். உடனே மறுபடி கிளப்புவது பெரிய பாடு.

அதைவிடப் பாரதூரமானது, துளை அடைபடுவது. பல பழைய விமானங்களில் எரிபொருள் பாய்ச்சலைக் காட்டும் அளவி உண்மையில் அளப்பது அமுக்கத்தைத்தான். முகப்பில் மட்டும் மணிக்கு இத்தனை கலன் என்று எழுதியிருக்கும். ஒரு துளையில் தூசி அடைத்தால் பின்னால் அமுக்கம் ஏறும். முள்ளும் ஏறும். அந்த உருளையோ எரிபொருளின்றி வாடும், இஞ்சின் நடுங்கும். அளவியை நம்பும் விமானி, "எண்ணெய் கூடிப்போச்சு" எண்டு எரிபொருளைக் குறைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஒவ்வோர் உருளையின் வெப்பத்தையும் தனித்தனியே காட்டும் கருவி இருந்தால் குறை எங்கே என்று தெரிந்துவிடும்.

தரையில் இதைச் சோதிக்கும் வழி எளிது. உட்செலுத்திகளைக் கழற்றி, குழாயோடு சேர்த்து ஒரே அளவான போத்தல்களுக்குள் விட்டு, துணைப் பம்பியைச் சிறிது நேரம் இயக்குவார்கள். எல்லாப் போத்தல்களிலும் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்திருப்பதன் துளை அடைபட்டது. அதைக் கரைதிரவத்தில் ஊறவைத்து வளியடித்துச் சுத்தம் செய்வார்கள், கம்பியால் குத்தக்கூடாது. குத்தினால் துளையின் அளவு மாறிவிடும், அந்த அளவில்தான் எல்லாம் இருக்கிறது.

'உட்செலுத்தி' என்ற சொல்லோடு இவ்வளவையும் சேர்த்துக் கொடுத்தால்தான் மாணவனுக்கு அது சொல்லாகும்.