தஞ்சோங் ரம்புத்தான் பயமும் இலவச ஆலோசனையும்

பேராக்கில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேலியை விளக்கத் தேவையில்லை. ஒரு பிள்ளை இரண்டு நாள் யாருடனும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால், “இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்” என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஈப்போவுக்கு அருகில் 1911-இல் திறக்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனைக்கு இன்று பகாகியா உலு கிந்தா என்று பெயர். பகாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறியும் கேலி மாறவில்லை! அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் பின்னாளில் பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவின் கதவு வரை போய்விட்டுத் தட்டாமலேயே திரும்பி வருகிறது.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி பால் மரம் சீவியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது லயத்தை விட்டு வெளியேறி, மலிவு வீட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பம். அங்கிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகிறாள் ஒரு பெண். கோயிலில் அர்ச்சனை செய்து, தெரிந்தவர்கள் எல்லாம் கையில் ஐந்து பத்து வெள்ளி கொடுத்து அனுப்பி வைத்தார்கள். இரண்டாம் தவணையில் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. விரிவுரைக்குப் போக மனம் இல்லை. புள்ளிகள் சரிகின்றன. பிடிபிடிஎன் கடனில் படிப்பவர்களுக்கு சிஜிபிஏ 2.00-க்குக் கீழே இறங்கினால் கடனுக்கும் சிக்கல் வரும். இரவு அம்மா தொலைபேசியில் கேட்கிறார், “சாப்பிட்டியாம்மா?” “சாப்பிட்டேம்மா.” அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இத்தனை பேர் நம்பிக்கையைச் சுமந்து வந்தவள் வேறு என்ன சொல்வாள்?

இவளைப் போன்றவர்களுக்காகத்தான் பல்கலைக்கழகங்களில் ஆலோசனைச் சேவை இருக்கிறது. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என எங்கும் உண்டு. பதிவு பெற்ற மாணவருக்குக் கட்டணம் இல்லை. மின்னஞ்சலிலோ இணையப் படிவத்திலோ நேரில் போயோ நேரம் வாங்கிக்கொள்ளலாம். தேர்வு நெருங்கினால் கூட்டம் கூடிவிடும் என்பதால் தவணையின் தொடக்கத்திலேயே போய்விடுவது நல்லது.

உள்ளே போனால் என்ன நடக்கும்? முதலில் ஒரு படிவமும் ஒப்புதல் கையெழுத்தும். பல இடங்களில் டாஸ் எனப்படும் 21 கேள்விகள் கொண்ட தாளைக் கொடுப்பார்கள். கடந்த ஒரு வாரத்தில் மனம் எப்படி இருந்தது என்று சுழியம் முதல் மூன்று வரை குறிக்க வேண்டும். மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் ஆகிய மூன்றும் எந்த அளவில் இருக்கின்றன என்பதற்கு அது ஓர் அறிகுறி மட்டுமே. அந்த எண்ணைப் பார்த்து “எனக்கு நோய்” என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேச்சு. ஆலோசகர் மாத்திரை தருவதில்லை. அது மருத்துவரான மனநல நிபுணரின் வேலை. தூக்கம் எப்போது கெட்டது, எந்தப் பாடத்தில் சறுக்கல் தொடங்கியது, வீட்டில் யாரிடமாவது சொல்ல முடியுமா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க அவர் உதவுவார். மலாயிலோ ஆங்கிலத்திலோ மனத்தில் உள்ளது வரவில்லையா? தமிழ் தெரிந்த ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை.

இது குறுகிய கால ஆலோசனை. ஒரு சில சந்திப்புகள், கையில் எடுக்கும் பிரச்சினை ஒன்று அல்லது இரண்டு. இருக்கும் ஆலோசகர்கள் சிலர், மாணவர்களோ ஆயிரக்கணக்கில்! அதனால் முதல் சந்திப்பிலேயே “எனக்கு எத்தனை முறை கிடைக்கும்?” என்று கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். அதற்கு மேலும் உதவி தேவைப்பட்டால் அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ மெந்தாரி என்ற சமூக மனநல மையத்துக்கோ அனுப்புவார்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். ஒரு தவணையைத் தள்ளிவைக்க வேண்டிய நிலை வந்தால், முடிவு பல்கலைக்கழக நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது. ஆனால் யாரைப் பார்ப்பது, எந்தப் படிவம் என்பதை ஆலோசகர் சொல்லித் தருவார்.

மாணவர்களின் பெரிய பயம், “வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?” என்பது. 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி ஆலோசகர்கள் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் கேபி, பிஏ என்ற எழுத்துகளைப் பார்க்கலாம். பேசியதை வெளியே சொல்லாமல் காப்பது அவர்கள் கடமை. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளில் மட்டுமே விலக்கு. எவையெவை என்று முதல் நாளே விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு பயமும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததைச் சொன்னால் போலீஸ் வருமோ என்பது. எண்ணத்தைச் சொல்வது குற்றமல்ல. முயற்சி செய்தவரைத் தண்டித்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவும் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்க வருபவர் இன்று குற்றவாளி அல்ல. அதை மறைத்தால் ஆலோசகருக்கு எவ்வளவு அவசரம் என்பதே தெரியாமல் போய்விடும்.

அலுவலகம் மாலையில் மூடிவிடும். மனம் கனப்பது பெரும்பாலும் நள்ளிரவில்தானே? அப்போது பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929 எண்ணிலும், தாலியான் காசே 15999 எண்ணிலும் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. ஈப்போவிலும் பிஃபிரெண்டர்ஸ் கிளை உண்டு. உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

ஆலோசனைப் பிரிவுக்கு எழுதும்போது கதை முழுவதையும் எழுத வேண்டியதில்லை. பெயர், மாணவர் எண், வகுப்பு இல்லாத நேரம், “ஆலோசகரைச் சந்திக்க வேண்டும்” என்ற ஒரு வரி போதும். அவசரமாக இருந்தால் அதையும் எழுதுங்கள். இரண்டு நாளில் பதில் வரவில்லையென்றால் நேரில் போய்க் கேளுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் அறைத் தோழியை வாசல் வரை துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.